கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? சென்னை வீடுகளுக்கான கேள்வி-பதில்

கணக்குகள் எல்லாம் நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் போட்டவை. குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு 10 லிட்டர், சமையலையும் சேர்த்தால் 15 லிட்டர். விலைகள் ஏரியாவுக்கு ஏரியா மாறும். உங்கள் விலையைப் போட்டு மறுபடி கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

எந்தக் குழாய் என்று முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் ஒரே சமையலறைக் குழாயில் காலையில் மெட்ரோ வாட்டரும், மதியம் போர் தண்ணீரும், கோடையில் லாரித் தண்ணீரும் வரும். பல அடுக்குமாடிகளில் மூன்றும் ஒரே சம்ப்பில்தான் கலக்கின்றன. மூன்றுக்கும் குறை வேறு வேறு என்பதால், மருந்தும் வேறு வேறு.

மெட்ரோ வாட்டர் என்பது பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகை ஏரிகளிலிருந்தும், வீராணத்திலிருந்தும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளிலிருந்தும் வருவது. சுத்திகரித்து, குளோரின் சேர்த்து அனுப்பப்படும் நீர். ஆலையிலிருந்து கிளம்பும்போது அது குடிநீர்தான். உங்கள் டம்ளருக்கு வரும்வரை என்ன ஆகிறது என்பதுதான் சிக்கல். போர் தண்ணீரில் பெரும்பாலும் கிருமியைவிட உப்பும் கடினத்தன்மையும்தான் தொல்லை. லாரித் தண்ணீர் எங்கே பிடித்தது என்று லாரிக்காரருக்குத்தான் தெரியும்.

ஆகவே நேரடிப் பதில்: மெட்ரோ வாட்டரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். போர் தண்ணீரைச் சோதித்த பிறகே முடிவு செய்யுங்கள். தனியார் லாரித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

ஆலையில் சுத்தமாக இருந்த நீர் எங்கே கெடுகிறது?

மூன்று இடங்களில்.

முதலாவது, தெருக் குழாய். 24 மணி நேரமும் தண்ணீர் ஓடும் குழாயில் உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருக்கும். சிறு ஓட்டை இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். நம் ஊரில் சில மணி நேரம் மட்டும் விடுவதால், நிறுத்திய பிறகு குழாய் காலியாகி, பக்கத்தில் ஓடும் கழிவுநீரை ஓட்டை வழியே உள்ளே இழுக்கும். வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். அது விதிமீறல் மட்டும் இல்லை, உறிஞ்சுபவர் வீட்டுக்கே முதலில் சாக்கடை வரும். தண்ணீர் திறந்த முதல் ஐந்து நிமிட நீரைச் செடிக்கோ, கழிப்பறை வாளிக்கோ விட்டுவிட்டுப் பிறகு பிடிப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது, சம்ப். மூடி சரியாக உட்காராதது, மழைநீர் வழிந்து இறங்குவது, பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருப்பது, சுவரில் விரிசல். மூன்றாவது, மாடியில் இருக்கும் டேங்க்: மூடி பறந்துபோய், அதன்மேல் ஒரு செங்கல் வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். இந்த இரண்டு இடங்களிலும் ஓரிரு நாள் தேங்கினாலே குளோரின் போய்விடும். அதன் பிறகு கிருமி வளர எந்தத் தடையும் இல்லை.

வசதி இருந்தால், குடிக்கும் தண்ணீரைச் சம்ப்புக்குப் போகும் முன்பே, தெரு இணைப்பிலிருந்து வரும் குழாயிலோ கைப்பம்பிலோ பிடித்துவிடுங்கள். பாட்டிமார் விடியற்காலையில் குடம் வைத்துக் காத்திருந்ததில் நியாயம் உண்டு.

லிட்டருக்கு எவ்வளவு ஆகிறது? கணக்கைச் சொல்லுங்கள்.

20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் லிட்டர் 2 ரூபாய். குடிக்க மட்டும் மாதம் 15 கேன், 600 ரூபாய். சமையலுக்கும் அதையே ஊற்றினால் 22, 23 கேன், 900 ரூபாய். பெரிய கம்பெனி கேன் என்றால் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

20 ரூபாய் ஒரு லிட்டர் பாட்டிலை வீட்டுக்கு வாங்கிக் குடித்தால் மாதம் 6,000 ரூபாய். யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அலுவலகம், பயணம், கல்யாணம் என்று சேர்த்துப் பார்த்தால் நினைத்ததைவிட அதிகமாக இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பாட்டில் தண்ணீருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ரயில்வே விற்கும் ‘ரயில் நீர்’ பாட்டில் அன்றே 15 ரூபாயிலிருந்து 14 ஆனது.

மெட்ரோ வாட்டரைக் கொதிக்க வைக்க: 28 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 115 கிராம் கேஸ் செலவாகும். அடுப்பு எரியும் சூட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்தில் ஏறும் என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கு. 14.2 கிலோ சிலிண்டர் 870 ரூபாய் என்று வைத்தால் 7 ரூபாய். லிட்டருக்கு 70 பைசா, மாதம் 210 ரூபாய். மாதத்துக்குக் கால் சிலிண்டர் இதற்கே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். மூடி போட்டுக் கொதிக்க வைத்தால் இதிலும் கொஞ்சம் மிச்சம்.

ஆர்.ஓ. மெஷின் (மெம்பரேன் என்ற நுண்சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பை நீக்குவது): 14,000 ரூபாய் மெஷின் ஏழு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 2,000, ஃபில்டர், மெம்பரேன், சர்வீஸ் எல்லாம் சேர்ந்து வருடம் 4,000. ஆக மாதம் 500, லிட்டருக்கு 1 ரூபாய் 65 பைசா அளவில். கேனைவிடப் பெரிய லாபம் இல்லை என்று தெரிகிறது அல்லவா? ஆனால் ஆர்.ஓ.வின் செலவு நீங்கள் எவ்வளவு குடித்தாலும் ஏறத்தாழ அதேதான். நாளைக்கு 20 லிட்டர் எடுக்கும் கூட்டுக் குடும்பத்துக்கு லிட்டர் 85 பைசாவுக்கு வந்துவிடும். தனியாக இருப்பவருக்குக் கேன்தான் மலிவு.

‘மினரல் வாட்டர்’ என்று எழுதியிருக்கிறதே, அதில் தாது இருக்குமா?

பெரும்பாலும் அது பேச்சு வழக்குதான். இந்தியத் தரநிலையில் இரண்டு தனி வகைகள் உண்டு. ஐ.எஸ். 13428 என்பது இயற்கைத் தாது நீர்: ஊற்றில் எப்படி வருகிறதோ அந்தத் தாது அமைப்பு மாறாமல் அடைத்தது. ஐ.எஸ். 14543 என்பது அடைக்கப்பட்ட குடிநீர்: போர் தண்ணீரோ வேறு நீரோ, ஆர்.ஓ. மூலம் உப்பை நீக்கி, புற ஊதா ஒளியாலோ ஓசோனாலோ கிருமி நீக்கியது. நம் தெருவில் வரும் கேன் எல்லாம் இரண்டாவது வகை. புறநகரில் ஒரு போரும், ஓர் ஆர்.ஓ. ஆலையும், கேன் கழுவும் இடமும்தான் அதன் பிறப்பிடம். ஒழுங்காக நடத்தினால் அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு ஆர்.ஓ. செய்வதையே பெரிய அளவில் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு காசு கொடுங்கள்.

நல்ல கேனை எப்படி அடையாளம் காண்பது?

இறக்கி வைத்ததும், கேன் போடுபவர் நிற்கும்போதே பாருங்கள்.

1. மூடியின் மேல் உள்ள பிளாஸ்டிக் சீல் சுருங்கி இறுக்கமாக இருக்க வேண்டும். கையால் சுழற்றினால் சுற்றுகிறது என்றால் திருப்பி அனுப்புங்கள்.
2. கேனில் அச்சாகப் பதிந்திருக்கும் கம்பெனிப் பெயரும், சீலில் உள்ள பெயரும் ஒன்றா? ஒருவர் கேனில் இன்னொருவர் நிரப்புவது இந்தத் தொழிலில் சகஜம்; அப்படி நடந்தால் கேனை யார் கழுவினார்கள் என்று பிடிக்க முடியாது.
3. தயாரித்த தேதி, பேட்ச் எண், எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது. அழியக்கூடிய மையில் எழுதியிருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள்.
4. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண். 14 இலக்கம் இருக்க வேண்டும். அதை அவர்களின் தளத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில், இன்னும் செல்லுமா என்று தெரியும்.
5. கேனை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். தூசி மிதப்பது, அடியில் பச்சை வழுவழுப்பு, உள்ளே கீறல். பச்சை என்றால் பாசி: கேன் வெயிலில் கிடந்திருக்கிறது, கழுவியதும் சரியில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2001 முதல் அது கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நீக்கியது. அடுத்த மாதமே அடைக்கப்பட்ட குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, வருடாந்திர வெளித் தணிக்கை வேண்டும் என்றது. எனவே முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. முத்திரை இருந்தால், அதன் கீழே உள்ள உரிம எண்ணை, முத்திரை கொடுக்கும் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபாருங்கள். முத்திரையை அச்சடிப்பது யாருக்கும் எளிது.

கேனைத் திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம்?

இரண்டு மூன்று நாள். கேன் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது. ஓசோனும் சில மணி நேரத்தில் போய்விடும். திறந்ததும் காற்றிலிருந்தும் கையிலிருந்தும் போகும் கிருமியைத் தடுக்க அதில் ஒன்றுமில்லை.

கேன் நல்லதாக இருந்தும் வயிற்றுப்போக்கு வருகிறது என்றால் பெரும்பாலும் டிஸ்பென்சரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மண்பானை டிஸ்பென்சர், பிளாஸ்டிக் டிஸ்பென்சர், கேன் மேல் மாட்டும் கைப்பம்பு எல்லாவற்றிலும் இதே கதை: கேன் வாரம் மூன்று நான்கு தடவை மாறுகிறது, அடியில் இருக்கும் பாத்திரம் மாதக்கணக்கில் கழுவப்படுவதில்லை. பிளாஸ்டிக் டிஸ்பென்சரையும் பம்பின் குழலையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, 5 லிட்டர் தண்ணீரில் மணம் சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 5 மில்லி கலந்து, குழாயின் வழியாகவும் ஓடவிட்டு, 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு நல்ல நீரில் இரண்டு தடவை அலசுங்கள். மண்பானைக்கு இந்தக் கரைசல் வேண்டாம், மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாரால் தேய்த்துக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். கேனைக் கவிழ்க்கும் முன் அதன் கழுத்தைத் துடைக்க மறக்காதீர்கள். அந்தக் கழுத்து எத்தனை வண்டித் தரையில் உருண்டதோ.

டி.டி.எஸ். மீட்டரில் 60 காட்டுகிறது. அப்படியானால் தண்ணீர் சுத்தமா?

இல்லை, அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இருநூறு முந்நூறு ரூபாய் மீட்டர், நீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று மின்கடத்தலை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். கிருமி, ஃபுளோரைடு, ஆர்சனிக், பூச்சிக்கொல்லி எதையும் அது தனியே காட்டாது. மழைநீரில் சாக்கடை ஒரு துளி கலந்தாலும் மீட்டர் நல்ல எண்ணைத்தான் காட்டும். மெஷின் விற்க வருபவர் மீட்டரை உங்கள் குழாய் நீரில் நனைத்துக் காட்டிப் பயமுறுத்தும்போது இது நினைவிருக்கட்டும்.

குடிநீருக்கான ஐ.எஸ். 10500 சொல்வது: கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. கடினத்தன்மை 200, வேறு வழியில்லையென்றால் 600. ஃபுளோரைடு 1.0, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, இதற்குச் சலுகை கிடையாது. ஈ.கோலி (மலக் கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எங்கே சோதிப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் உள்ளன. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் கொடுக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் நீர் ஆய்வு உண்டு. வேதியியல் சோதனைக்கு, புதிய பிளாஸ்டிக் கேனை அதே நீரில் மூன்று தடவை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். எவ்வளவு நீர் வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிச் சோதனைக்கு வீட்டுப் பாட்டில் ஆகாது: ஆய்வகம் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில், குழாயின் வாயைச் சுட்டு அல்லது துடைத்து, ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். அந்தப் பாட்டிலை அலசிவிடாதீர்கள், குளோரினைச் செயலிழக்கச் செய்யும் மருந்து உள்ளேயே இருக்கும். மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை எடுத்தால் உங்கள் போரின் குணம் பிடிபடும்.

எனக்கு ஆர்.ஓ. வேண்டுமா?

போர் தண்ணீரில் உப்பு 500-ஐத் தாண்டினாலோ, நைட்ரேட், ஃபுளோரைடு வரம்பு மீறினாலோ வேண்டும். மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் வீட்டில், உப்பு 500-க்குள் இருந்தால், புற ஊதா ஒளி அல்லது யு.எஃப். (உப்பை விட்டுவிட்டுக் கிருமியைத் தடுக்கும் நுண்வடிகட்டி) வகையே போதும். உள்ளே போகும் நீரில் பாதிக்கு மேல் வெளியே கொட்டும் ஆர்.ஓ. மெஷின் அங்கே வீண். 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யத்தான் சொன்னது. வீட்டு மெஷின் 10 லிட்டர் நல்ல நீர் தர, 25 முதல் 30 லிட்டர் வெளியேற்றும். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். செடிக்கு ஊற்றினால் நாளடைவில் மண் உப்பாகும்.

மெம்பரேன் உழைக்கிறதா என்று பார்க்க, டி.டி.எஸ். கன்ட்ரோலரை (வெளிவரும் நீரின் உப்பளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுக்க மூடி, உள்ளே போகும் நீரையும் வெளியே வருவதையும் அளங்கள். 900 போய் 90 வந்தால் பத்தில் ஒன்பது பங்கு நீக்குகிறது, நன்றாக இருக்கிறது. 180-ஐத் தாண்டினால் மாற்றுங்கள். வழக்கமாக இரண்டு மூன்று வருடம் வரும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: ‘சுவை கூட்ட’ கன்ட்ரோலரைத் திறந்தால் ஆர்.ஓ. வழியாகப் போகாத பச்சைத் தண்ணீர் கலக்கிறது. போரில் நைட்ரேட்டோ ஃபுளோரைடோ இருந்தால் அதுவும் சேர்ந்தே கலக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கன்ட்ரோலரை மூடியே வையுங்கள், சப்பென்று இருந்தாலும். செம்பு, துத்தநாகம், ‘ஆல்கலைன்’ என்று கூடுதல் கார்ட்ரிட்ஜ்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடுமா?

கிருமி போகும். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் போதும். அரை மணி நேரம் கொதிக்க வைப்பது கேஸுக்குக் கேடு. உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எதுவும் போகாது. நீர் ஆவியாவதால் கொஞ்சம் செறிவுதான் கூடும். பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பொருக்கு சுண்ணாம்பு வகை. உடம்புக்குக் கெடுதல் இல்லை. கொதித்த நீரை அதே பாத்திரத்தில் மூடி வைத்து ஆறவிடுங்கள். ஊற்றும் பானை சுத்தமாக இல்லையென்றால் செய்த வேலை வீண்.

கைக்குழந்தைக்குப் பவுடர் பால் கலக்க, கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள்.

சமையலுக்கும் கேன் தண்ணீர் அவசியமா?

பாதுகாப்புக்காக என்றால் வேண்டாம், சாதமும் குழம்பும் எப்படியும் கொதிக்கின்றன. கடினமான போர் தண்ணீரில் பருப்பு வேக நேரமாகும், காரத்தன்மை கூடிய நீரில் சாதம் மஞ்சளாகும், டீ கறுத்துப்போகும். அதனால்தான் பலர் கேனை ஊற்றுகிறார்கள். மெட்ரோ வாட்டர் வரும் வீட்டில் அதையே ஊற்றினால் மாதம் 300 ரூபாய் மிச்சம். காய்கறி கழுவக் கேன் தண்ணீர் எடுப்பவர்களும் உண்டு, அது தேவையில்லை.

சம்ப்பையும் டேங்க்கையும் எப்படிச் சுத்தம் செய்வது?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வெள்ளம் புகுந்தால் உடனே. நீரை இறைத்து, சேறு அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடிய சம்ப்பில் திறந்தவுடன் யாரையும் இறக்காதீர்கள்: மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோட விடுங்கள், மேலே ஒருவர் நிற்கட்டும். பிறகு நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் ப்ளீச்சிங் பவுடர் போடுங்கள். நேரடியாகக் கொட்டக் கூடாது. வாளியில் குழைத்து, நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் ஊற்ற வேண்டும், அடியில் தங்குவது சுண்ணாம்பு. வீட்டுக் குழாய் ஒவ்வொன்றையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். 12 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் வெளியேற்றி, புதுநீர் நிரப்புங்கள். ஆசிட், பினாயில் எதையும் இதோடு சேர்க்காதீர்கள். ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சம்ப்பில் அது உயிரையே எடுக்கும்.

அன்றாடக் குடிநீருக்கு அளவு வேறு: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது அரை டீஸ்பூன் அளவில், அதேபோல் கலக்கித் தெளிந்த நீராக ஊற்றி அரை மணி நேரம் காத்திருங்கள். பவுடர் புதிதாக, கட்டி தட்டாமல் இருக்க வேண்டும். திறந்து வைத்த பொட்டலம் சில வாரத்தில் வீரியம் இழக்கும். கலர் பார்க்கும் குளோரின் கிட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் காட்டினால் போதும், ஏற்கெனவே அவ்வளவு இருந்தால் எதுவும் போட வேண்டாம்.

பாட்டிலில் பிளாஸ்டிக் துகள் என்கிறார்களே?

2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு, அங்கு விற்கும் பாட்டில் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள்கள் இருப்பதாகச் சொன்னது. பத்தில் ஒன்பது நானோ அளவு. உடம்பில் அவை என்ன செய்யும் என்பது இன்னும் முடிவாகவில்லை. காரில் வெயிலில் கிடந்த பாட்டிலைக் குடிக்காமல் இருப்பதும், ஒரு தடவை மட்டும் பயன்படுத்த வேண்டிய பாட்டிலை மாதக்கணக்கில் நிரப்பிப் பயன்படுத்தாமல் இருப்பதும் இப்போதைக்குச் செய்யக்கூடியவை.

அச்சிட்ட விலைக்கு மேல் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

கடை, பஸ் ஸ்டாண்ட், ரயில் மேடை: வேண்டாம். ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு அதிகபட்ச விலை அச்சிடுவதும் 2018 ஜனவரி 1 முதல் கூடாது. ‘கூலிங் சார்ஜ்’ என்று ஒன்று சட்டத்தில் இல்லை. உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டல் மட்டும் விலக்கு: அவர்கள் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே சாதாரணத் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவும் இதைப் பார்க்கிறது. பில் வாங்கி வைத்திருந்தால் புகார் நிற்கும்.